விடுபட்டது ஒன்றுமில்லை என்பதற்குச் சான்று என்ன?

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைப் பார்வையிடச் செல்லும் நாம் ஓயாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. செலவுச் சீட்டுகளை மேசைமீது அடுக்கி வைத்து, “எல்லாம் இவ்வளவுதான், ஐயா” என்று செயலாளர் கூறுவார். “விடுபட்டது ஒன்றுமில்லை என்பதற்குச் சான்று என்ன?” என்று நாம் கேட்போம். கூட்டல் சரியாக இருந்தால் மட்டும் போதாது. சீட்டுகளின் எண் முதலிலிருந்து இறுதிவரை இடையறாது வருகிறதா, ஒன்றே இருமுறை எழுதப்பட்டிருக்கிறதா என்பனவற்றையும் காட்டியாக வேண்டும். இது உறுப்பினர்கள் அனைவரும் அறிந்ததே.

இதே கேள்வியை ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியிடமும் கேட்டிருக்க வேண்டும் என்பதைப் பழங்காநத்தத்தில் ஒரு நெசவாளர் இல்லத்தில் நாம் சற்றுக் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம். அந்நிகழ்ச்சியைப் பற்றியும், கையில் பொருளை எடுத்து அடுக்கும் குழந்தையின் உள்ளத்தில் உயர்ந்த கணிதம் எவ்வாறு முளைக்கிறது என்பதைப் பற்றியும் உறுப்பினர்களோடு கலந்து பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தார்க்குச்சிகளின் கணக்கு

மதுரை மாநகரின் தென்மேற்கே, முன்னாளில் தனியூராக விளங்கி, இன்று மாநகராட்சியோடு இணைந்துவிட்ட பகுதி பழங்காநத்தம். அங்கே உறுப்பினர் ஒருவர் இல்லத்தில் தறியைப் பார்வையிட்டுக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தோம். அவருடைய மகள் தரையில் அமர்ந்து, அரக்கு நூல் சுற்றிய தார்க்குச்சிகளையும் பச்சை நூல் சுற்றியவற்றையும் வரிசை வரிசையாக வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். “கணக்குக்கும் இவளுக்கும் வெகுதூரம், சார். தார் சுற்றுவதில் மட்டும் கெட்டிக்காரி” என்றார் தந்தையார். மகள் தலை நிமிரவில்லை.

நாம் அவளிடம் ஒரு வினாவை விடுத்தோம். சேலைக் கரையில் மூன்று கோடுகள் வர வேண்டும். ஒவ்வொரு கோடும் அரக்காகவோ பச்சையாகவோ இருக்கலாம். ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பார்த்தால் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாத கரைகள் எத்தனை கிடைக்கும்? இதுவே வினா.

அவள் குச்சிகளை எடுத்தாள். முதலில் மனம் போனபடி நான்கைந்து வரிசைகளை வைத்தாள். அவற்றுள் இரண்டு ஒன்றாகவே இருப்பதைத் தானே கண்டு ஒன்றைக் கலைத்தாள். பின்னர் ஒரு வழி கண்டாள். அரக்கு, அரக்கு, பச்சை என்று ஒரு கரையை வைத்தவுடன், அதற்கு நேர்மாறாகப் பச்சை, பச்சை, அரக்கு என்பதையும் அருகில் வைத்தாள். அதற்கு “எதிர்க்கரை” என்று தானே பெயரும் இட்டாள். இவ்வாறு இணை இணையாக ஆறு கரைகள் வந்தன. சிறிது நேரங்கழித்து, முழுதும் அரக்கு, முழுதும் பச்சை என்னும் இரண்டையும் சேர்த்தாள். ஆக எட்டு.

இன்னும் உண்டா என்று வினவினோம். “தேடிப் பார்த்தேன். வேறு கிடைக்கவில்லை” என்றாள்.

இவ்விடத்தில்தான் நாம் தவறிழைத்தோம். பட்டம் பெற்றவர் என்னும் எண்ணம் நம்முள் தலைதூக்கிற்று. கோடு ஒன்றுக்கு நிறம் இரண்டு. ஆகவே இரண்டை மும்முறை பெருக்கினால் எட்டு. இதற்குக் குச்சிகளே வேண்டா என்று விளக்கிவிட்டோம். சிறுமி நம்மை ஒருமுறை பார்த்தாள். பிறகு குச்சிகளை எல்லாம் வாரிக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். “நான் சொன்னேனே, சார்” என்றார் தந்தையார்.

பேருந்து நிலையத்தை நோக்கி நடந்து வரும்போதுதான் நமக்கு உறைத்தது. “தேடிப் பார்த்தேன், வேறு கிடைக்கவில்லை” என்று ஒரு செயலாளர் கூறினால் நாம் ஏற்போமா? மாட்டோம். ‘இல்லை என்பதை எப்படிக் காட்டுவீர்கள்’ என்று கேட்டு, அவரே ஓர் ஒழுங்கைக் காண்பதற்கு இடங்கொடுப்போம். பேரேட்டைப் பிடுங்கி நாமே எழுதி முடிக்க மாட்டோம். பெரியவருக்கு அளிக்கும் அந்த மதிப்பைக் குழந்தைக்கு நாம் அளிக்கவில்லை. அவள் கண்ட எட்டும் அவளுடைய எட்டாக இருந்தது. நாம் வாய் திறந்ததும் அது நம்முடைய எட்டாக மாறிவிட்டது.

கடல் கடந்த ஊரில் நடந்த ஆராய்ச்சி

இத்தகைய கணக்கைக் கொண்டே குழந்தைகளின் சிந்தனையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர்கள் உண்டு. அமெரிக்க நாட்டில் நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த கெனில்வொர்த் என்னும் ஊரின் பள்ளிக் குழந்தைகளை, ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோலின் மாஹெர் அம்மையாரும் அவர் குழுவினரும் 1989 முதல் தொடர்ந்து கவனித்து வந்தனர். முதல் வகுப்பில் கண்ட அதே குழந்தைகளை உயர்நிலைப்பள்ளி முடியும்வரை பின்தொடர்ந்தனர் என்பது இதன் சிறப்பு.

அக்குழந்தைகளுக்கு அளிக்கப்பட்டவை ஒன்றன்மேல் ஒன்று மாட்டக்கூடிய இரு நிறக் கட்டைகள். நான்கு கட்டை உயரமுள்ள கோபுரங்கள் எத்தனை வகையாகக் கட்டலாம் என்பது மூன்றாம் வகுப்பில் கேட்கப்பட்ட வினா. ஆசிரியர் வழியைச் சொல்லவில்லை. விடை சரி என்றோ பிழை என்றோ கூறவில்லை. “எல்லாம் வந்துவிட்டன என்று எனக்கு எப்படி மெய்ப்பிப்பாய்?” என்பது மட்டுமே திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி.

குழந்தைகள் சென்ற பாதை நம் பழங்காநத்தத்துச் சிறுமி சென்ற பாதையேதான். முதலில் மனம் போனபடி கட்டினர். பின்னர் எதிரெதிர் இணைகளைக் கண்டனர். ஆனால் இணை சேர்ப்பது மட்டும் போதாது. ஓர் இணையே முழுதும் விடுபட்டுப்போகலாம் அல்லவா? இதனை உணர்ந்தவுடன் வேறு ஒழுங்குகளைத் தேடினர். நான்காம் வகுப்பை எட்டியபோது ஒரு சிறுமி, ஒரு நிறக் கட்டை ஒன்றுமில்லாதவை, ஒன்று உள்ளவை, இரண்டு உள்ளவை என்று வகை பிரித்து, ஒவ்வொரு வகையிலும் இனி இடமில்லை என்பதை நிறுவினாள். ஒரு சிறுவன், குட்டையான கோபுரம் ஒவ்வொன்றின் தலையிலும் இரு நிறங்களுள் ஒன்றை வைக்கலாம். ஆதலின் உயரம் ஒன்று கூடும்போதெல்லாம் எண்ணிக்கை இரட்டிக்கும் என்றான். முன்னதை வகை பிரித்து நிறுவுதல் என்றும், பின்னதைத் தொகுத்தறிதல் என்றும் உயர்கணித நூல்கள் கூறும். இவற்றை அக்குழந்தைகளுக்கு எவரும் கற்பிக்கவில்லை.

மற்றொரு நாள் வேறு கணக்கு வந்தது. பீட்சா என்னும் அப்பத்தின்மீது நான்கு பொருள்களில் விரும்பியவற்றைத் தூவலாம், தூவாமலும் விடலாம். எத்தனை வகை அப்பம் செய்யலாம்? நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன், தூவினால் 1, தூவாவிடில் 0 என்று அட்டவணை எழுதிப் பதினாறு கண்டான். பிறகு, இது முன்பு செய்த கோபுரக் கணக்கேயன்றோ என்றான். 1 என்பது ஒரு நிறம், 0 என்பது மற்றொரு நிறம் என்று பொருத்தியும் காட்டினான். அப்பமும் கோபுரமும் வெவ்வேறு பொருள்கள். ஆயினும் அவற்றின் உள்ளமைப்பு ஒன்றே. பொருளைக் கடந்து அமைப்பைக் காணும் இப்பார்வையே இயற்கணிதத்தின் உயிர்நிலை.

நம் முன்னோர் அறிந்த கணக்கு

இது மேலைநாட்டார் நமக்குப் புதிதாகக் காட்டும் கணக்கு என்று எவரும் எண்ண வேண்டா. தமிழ் யாப்பிலக்கணம் படித்த ஒவ்வொருவரும் இதனைத் தம்மையறியாமலே படித்தவர்தாம். செய்யுளுக்கு உறுப்பான அசை நேர், நிரை என இரண்டே. இரண்டு அசைகள் சேர்ந்தால் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என நான்கு சீர்கள். அவற்றின் இறுதியில் நேரசை சேர்ந்தால் தேமாங்காய் முதலிய காய்ச்சீர் நான்கு. நிரையசை சேர்ந்தால் தேமாங்கனி முதலிய கனிச்சீர் நான்கு. ஆக மூவசைச்சீர் எட்டு. நாலசைச்சீர் பதினாறு. அமிதசாகரர் இயற்றிய யாப்பருங்கலக்காரிகையைக் கற்கும் மாணவர் இவற்றை வாய்ப்பாடாகவே உருப்போடுவர்.

நேர் என்பதை அரக்காகவும், நிரை என்பதைப் பச்சையாகவும் கொண்டால், தேமாங்காய் முழு அரக்குக் கரை. கருவிளங்கனி முழுப் பச்சைக் கரை. நம் சிறுமி தரையில் அடுக்கியவை மூவசைச்சீர் எட்டுமேயாம். வடமொழியிலும் பிங்கலரின் யாப்பு நூலுக்கு 10ஆம் நூற்றாண்டில் உரை கண்ட ஹலாயுதர், குறிலும் நெடிலும் கலந்துவரும் வகைகளை எண்ணுவதற்கு மேருப் பிரஸ்தாரம் என்னும் எண்கோபுரத்தை விளக்கியுள்ளார். ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டு அறிஞர் பாஸ்கல் என்பவர் பெயரால் வழங்கும் முக்கோணம் அதுவே.

மீண்டும் பழங்காநத்தம்

மூன்று வாரங்கழித்து அவ்வில்லத்திற்கு மீண்டும் செல்லும் வாய்ப்பு ஏற்பட்டது. அன்று விடையை முந்திக்கொண்டு சொன்னது நம் பிழை என்று சிறுமியிடம் கூறினோம். இம்முறை கரைக்கு நான்கு கோடுகள், விடையைச் சொல்லப்போவதில்லை, ஆனால் ஒன்றும் விடுபடவில்லை என்று தந்தையார் ஒப்புக்கொள்ளும்படி காட்ட வேண்டும் என்றோம். திருமங்கலம் பக்கத்திலிருந்து அண்டை வீட்டிற்கு வந்திருந்த விவசாயி ஒருவரின் பேரனும் உடன் அமர்ந்தான்.

சிறுவன் விரைவுடையவன். முன்னைய எட்டுக் கரைகளையும் வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் அரக்கு அல்லது ஒரு பச்சை வைத்தால் பதினாறு என்றான். சிறுமி அதனை உடனே ஏற்கவில்லை. அவள் பச்சை இல்லாத கரை ஒன்று, ஒரு பச்சை உள்ளவை நான்கு, மூன்று பச்சை உள்ளவை நான்கு, முழுப் பச்சை ஒன்று என்று வைத்தாள். இரண்டு பச்சை உள்ளவற்றில்தான் தடுமாற்றம். ஐந்து என்றாள்; பிறகு ஆறு என்றாள்; ஏழாவது இருக்குமோ என்று ஐயுற்றாள். நாம் வாய் திறவாதிருந்தோம். உறுப்பினர்களே, அது எளிதாக இல்லை.

நெடுநேரம் சென்றபின் அவள் குச்சிகளைக் கலைத்துப் புதிதாக அடுக்கினாள். முதற் கோடு பச்சையானால், இரண்டாவது பச்சைக்கு இடம் மூன்று. முதற் பச்சை இரண்டாங் கோட்டில் வந்தால், மற்றதற்கு இடம் இரண்டு. மூன்றாங் கோட்டில் வந்தால், இடம் ஒன்றே. மூன்றும் இரண்டும் ஒன்றும் ஆறு. “ஏழாவது வைக்க இடமே இல்லை, அப்பா” என்றாள். சென்ற முறை ‘கிடைக்கவில்லை’ என்றவள் இம்முறை ‘இடமே இல்லை’ என்றாள். தேடுதலுக்கும் நிறுவுதலுக்கும் உள்ள தூரம் அவ்விரு சொற்களுக்கிடையே இருக்கிறது.

தந்தையார் தறியைவிட்டு எழுந்து வந்து பார்த்தார். சற்றுச் சிந்தித்து, “நாலு விழுது கட்டிய தறியிலும் இதே கணக்குத்தானே, சார்? விழுது ஒன்று மேலே போகும், இல்லாவிட்டால் கீழே நிற்கும்” என்றார். பிறகு தாமே, “ஆனால் நாலும் மேலே போனாலும், நாலும் கீழே நின்றாலும் நாடா ஓட வழி பிறக்காது” என்றார். “அப்படியானால் பதினான்குதான், அப்பா” என்றாள் மகள், அவர் முடிக்குமுன்பே. மகளுக்குக் கணக்கு வராது என்ற சொல்லை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை. தமக்கும் அக்கணக்கு இத்தனை நாள் கையிலேயே இருந்திருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு வியப்பு.

பிரெஞ்சு நாட்டு நெசவாளர் மரபில் வந்த ஜக்கார்டு 1804ஆம் ஆண்டளவில் அமைத்த பொறியின் அட்டைகளிலும் துளை உண்டு, துளை இல்லை என்னும் இரண்டே நிலைகள். இன்றைய கணிப்பொறியும் 1, 0 என்னும் இரண்டைக் கொண்டே இயங்குகிறது. நெசவாளர் வீட்டுக் குழந்தைக்கு இக்கல்வி அயலானதன்று.

பாத்தியும் பையும்

அடுக்கியதை எண்ணுவது எங்ஙனம் இயற்கணிதமாகிறது என்று பயிர்த்தொழில் புரியும் உறுப்பினர்கள் கேட்கலாம். பாத்தியிலிருந்தே காட்டுவோம். பக்கம் 10 அடியுள்ள சதுரப் பாத்தியை இருபுறமும் 3 அடி நீட்டிச் சதுரமாகவே பெரிதாக்கினால், பழைய பாத்தி 100 சதுர அடி, இரு பக்கமும் சேர்ந்த பட்டைகள் முப்பது முப்பது, மூலையில் ஒன்பது, ஆக 169. பத்து, மூன்று என்னும் எண்களை மாற்றினாலும் துண்டுகள் நான்கே. பெரிய சதுரம் ஒன்று, பட்டை இரண்டு, சிறிய சதுரம் ஒன்று. குழந்தை அட்டையை வெட்டி இதனை ஒருமுறை பொருத்திப் பார்த்துவிட்டால், பிற்காலத்தில் ஈருறுப்பின் வர்க்க வாய்ப்பாடு அதற்கு அச்சந்தரும் மந்திரமாக இராது.

மேரியா மாண்டிசோரி அம்மையார் இதனையே மேலும் ஒரு படி கொண்டுசென்றார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த அவர், போர்க்காலத்தில் 1942 முதல் 1944 வரை மதுரைச் சமவெளிக்கு மேற்கேயுள்ள கொடைக்கானல் மலையில் தங்கிப் பணியாற்றினார். அவர் வகுத்த கருவிகளுள் ஒன்று, எட்டு மரத்துண்டுகள் சேர்ந்து ஒரு கனசதுரமாகும் பெட்டி. பெரிய கனம் ஒன்று, ஒருவகைப் பலகை மூன்று, மற்றொருவகைத் துண்டு மூன்று, சிறிய கனம் ஒன்று. ஒன்று, மூன்று, மூன்று, ஒன்று. மூன்று கோட்டுக் கரையைப் பச்சையின் எண்ணிக்கைப்படி பிரித்தாலும் இதே ஒன்று, மூன்று, மூன்று, ஒன்றுதான் வரும். இளங்குழந்தை அதனை நிறம் பார்த்துப் பொருத்தும் விளையாட்டாகவே செய்கிறது. பெயரும் குறியும் பல ஆண்டு கழித்து வருகின்றன.

அறியாத எண்ணோடு கணக்குச் செய்வதற்கும் ஓர் எளிய வழியுண்டு. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் மாடிசன் திட்டத்தைத் தொடங்கிய ராபர்ட் டேவிஸ் என்பார், கூழாங்கற்கள் நிறைந்த பையைக் குழந்தைகள்முன் வைத்தார். உள்ளே எத்தனை என்று எவருக்கும் தெரியாது. ஐந்து கற்களைப் போட்டு ஏழு கற்களை எடுத்தால், முன்னிருந்ததைவிடப் பையில் மிகுதியா, குறைவா, எவ்வளவு? இரண்டு குறைவு என்று குழந்தை சொல்லிவிடும். மொத்தம் தெரியாமலே மாறுதலைச் சொல்லும் அச்சிறு விடையில் குறை எண்ணும் அடங்கியிருக்கிறது. அறியாத எண்ணை அஞ்சாது கையாளும் துணிவும் அடங்கியிருக்கிறது. நம் வீடுகளில் கூழாங்கல்லுக்குப் பதிலாகப் புளியங்கொட்டை போதும்.

செய்யத்தக்கவை

பொருளைக் கையில் கொடுத்தால் மட்டும் கணிதம் வந்துவிடும் என்று நாம் கூறவில்லை. தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் என்னும் முறை 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08ஆம் ஆண்டளவில் மாநிலமெங்கும் தொடக்கப்பள்ளிகளுக்குப் பரவியது. தரையில் அமர்ந்து, மணியும் அட்டையும் எடுத்துக் குழந்தைகள் கற்கலாயினர். அது நல்ல மாற்றமே. ஆயினும் மணி, அட்டை, குச்சி ஆகியவை கேள்வி இல்லாதவிடத்து வெறும் பொருள்களே. பொருளோடு கேள்வியும், கேள்வியோடு பொறுமையும் வேண்டும்.

ஆதலின் பெற்றோர் நினைவில் கொள்ளத்தக்கவை சில. முதலாவது, கணக்கு சிறியதாகத் தொடங்க வேண்டும். இரண்டு கோடு, மூன்று கோடு, பிறகு நான்கு. இரண்டாவது, விடை பிழையாயினும் உடனே திருத்தலாகாது. இருமுறை வந்ததையும் விடுபட்டதையும் குழந்தையே காணட்டும். மூன்றாவது, இரு குழந்தைகளாவது சேர்ந்து செய்வது நலம். ஒன்று மற்றொன்றை நம்பவைக்க முயலும்போதுதான் காரணம் பிறக்கிறது. நான்காவது, “இன்னும் உண்டா? இல்லை என்று எப்படி அறிவாய்? இதுபோன்ற கணக்கை முன்பு எங்கே கண்டாய்?” என்னும் மூன்று கேள்விகளோடு நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். எழுத்தறியாத பாட்டியாரும் இவற்றைக் கேட்கலாம்.

எல்லாவற்றினும் மேலாக, ஒன்பது வயதுக் குழந்தையைப் பார்த்து, ‘உனக்குக் கணக்கு வராது’ என்று கூறுவதைக் கைவிட வேண்டும். அச்சொல் அந்த வயதோடு நிற்பதில்லை. பதினோராம் வகுப்பில் எப்பாடத்தை எடுப்பது என்னும்போதும் அது காதில் ஒலிக்கும். கணிதம் வேண்டிய கல்விகளின் கதவுகளை எல்லாம் அதுவே சாத்திவிடும். பெரும்பாலும் அச்சொல்லைக் கேட்பவர் பெண்மக்களே.

சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சங்கக் கட்டடத்தில் ஒரு மூலையையும், சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரத்தையும் உறுப்பினர்களின் குழந்தைகளுக்கு ஒதுக்கலாம். கழிவு நூல் சுற்றிய குச்சிகள், புளியங்கொட்டை, பழைய அட்டை ஆகியவையே தளவாடம். இதற்குத் தனி நிதியோ, பொதுக்குழுத் தீர்மானமோ தேவைப்படாது. நிர்வாகக் குழுவினரில் ஒருவர் மனம் வைத்தால் போதும்.

அன்று நாம் விடைபெறும் வேளையில், நூல் வாங்கிய பழைய சீட்டு ஒன்றின் பின்புறத்தில் சிறுமி 1, 4, 6, 4, 1 என்று எழுதி, கீழே கோடிட்டு, 16 என்று கூட்டி நம்மிடம் நீட்டினாள். கணக்கைப் பார்வையிட வந்தவர் கையெழுத்திட்டுத்தானே போக வேண்டும் என்பது அவள் வாதம். சரிபார்த்தோம். இருமுறை வந்தது ஒன்றுமில்லை, விடுபட்டதும் ஒன்றுமில்லை. தேதியிட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தோம்.